அணுப்பொருள் நுண்துகளின் வயதைக் கணக்கிடுவது எப்படி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில், கதிரியக்க வேதியியல் பயிலும் முதுநிலை மாணவர்கள் சிலருக்குச் சனிக்கிழமைதோறும் பாடம் நடத்தி வருகிறேன். துகளின் வயது என்ற பகுதியைத் தொடங்கும்போதெல்லாம் முதல் கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: “சார், துகள் உடைந்து பறந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டுமா, சுரங்கத்திலிருந்து எடுத்த நாளிலிருந்தா?” இரண்டு நாளிலிருந்தும் இல்லை. அந்தத் துகள் எந்தப் பெருந்தொகுதியிலிருந்து உதிர்ந்ததோ, அந்தத் தொகுதி கடைசியாக வேதிமுறையில் சுத்திகரிக்கப்பட்ட நாளே கணக்கின் தொடக்கம். யுரேனியத்தையோ புளூட்டோனியத்தையோ சுத்திகரிக்கும்போது, அதுவரை சிதைவினால் உருவாகியிருந்த சேய் அணுக்கள் வெளியேற்றப்படுகின்றன. அந்தக் கணத்தில் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. அதன் பிறகு தாய் அணுக்கள் தத்தம் வேகத்தில் சிதைந்து, சேய் அணுக்கள் மீண்டும் சேரத் தொடங்குகின்றன. சேய்க்கும் தாய்க்கும் உள்ள விகிதத்தை அளந்தால், எத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக்கூடிய இந்த முறையில், உழைப்பு முழுவதும் ஒரே கேள்விக்குள் அடங்கியிருக்கிறது: நாம் எண்ணிய சேய் அணுக்களில் எத்தனை உண்மையாகவே அந்தத் துகளுக்குள் பிறந்தவை? கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்கு விடை தேடும் படியே.

இதன் பயனை உணர, 1992ஆம் ஆண்டு வடகொரியாவில் நடந்ததை நினைவுகூர வேண்டும். யொங்பியோன் அணுவளாகத்தில் 1990ஆம் ஆண்டு ஒரே ஒரு முறைதான் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்தோம், அதுவும் ஏறத்தாழ 90 கிராம்தான் என்று அந்நாடு அறிவித்திருந்தது. அனைத்துலக அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் அங்கிருந்து எடுத்த மாதிரிகளில், புளூட்டோனியம் சிதைந்து பிறக்கும் சேயான அமெரிசியத்துக்கும் புளூட்டோனியத்துக்கும் உள்ள விகிதம் ஒரே மாதிரியாக இல்லை. வெவ்வேறு விகிதம் என்றால் வெவ்வேறு சுத்திகரிப்பு நாள். பிரித்தெடுப்பு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்திருக்கிறது என்ற முடிவுக்கு முகமை வந்தது. அடுத்த ஆண்டே சிறப்பு ஆய்வு கோரியது. கண்ணுக்குத் தெரியாத தூசு ஓர் அரசாங்கத்தின் அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதை உலகம் பார்த்தது. பருத்தித் துணியால் பரப்புகளைத் துடைத்து மாதிரி எடுக்கும் முறை 1996ஆம் ஆண்டு முதல் முகமையின் வழக்கமான பணியாகவே ஆகிவிட்டது.

எந்தத் தாய், எந்தச் சேய்

யுரேனியத் துகளுக்குப் பெரிதும் பயன்படுவது யுரேனியம்-234, தோரியம்-230 ஜோடி (பெயருக்குப் பின் வரும் எண் அணுவின் நிறையைக் குறிக்கும்). யுரேனியம்-234இன் அரைவாழ்வு சுமார் 245,500 ஆண்டு. ஒரு மில்லியன் யுரேனியம்-234 அணுக்கள் இருந்தால், ஓர் ஆண்டில் அவற்றில் மூன்றுக்கும் குறைவானவை, சரியாகச் சொன்னால் சராசரியாக 2.82 அணுக்கள், தோரியம்-230 ஆகின்றன. முப்பது ஆண்டுகளில் அது மில்லியனுக்கு 85 ஆகும். தோரியம்-230இன் அரைவாழ்வு ஏறத்தாழ 75,600 ஆண்டு என்பதால், மனித வாழ்நாள் அளவிலான காலத்துக்குள் அது தானாகச் சிதைந்து குறைவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆகவே கணக்கு மிக எளிது: அணு எண்ணிக்கையில் தோரியம்-230ஐ யுரேனியம்-234ஆல் வகுத்து, வரும் விகிதத்தை 0.00000282ஆல் வகுத்தால் ஆண்டுகளில் வயது கிடைக்கும்.

இரண்டாவது ஜோடி யுரேனியம்-235, புரோட்டாக்டினியம்-231. யுரேனியம்-235 மிக மெதுவாகச் சிதைவது; அதன் அரைவாழ்வு 703.8 மில்லியன் ஆண்டு. எனவே சேய் அணுக்கள் குறைவாகவே கிடைக்கும். ஆனாலும் வாய்ப்புள்ள போதெல்லாம் இந்த ஜோடியையும் அளக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். தோரியமும் புரோட்டாக்டினியமும் வேதியியலில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்பவை. சுத்திகரிப்பு அரைகுறையாக நடந்திருந்தால், இரண்டும் ஒரே அளவில் எஞ்சி நிற்பது மிக அரிது. இரண்டு கடிகாரங்களும் ஒரே நாளைக் காட்டினால், அந்த நாளை நம்பலாம்.

புளூட்டோனியத்துக்குப் புகழ்பெற்ற ஜோடி புளூட்டோனியம்-241, அமெரிசியம்-241. தாயின் அரைவாழ்வு 14.3 ஆண்டு, சேயின் அரைவாழ்வு சுமார் 432.6 ஆண்டு. இங்கே தாய் வேகமாகக் குறைவதால் மேலே சொன்ன எளிய வகுத்தல் போதாது. முழுச் சமன்பாடு தேவை. தாயின் தேய்வு மாறிலியை ‘தா’ என்றும், சேயின் தேய்வு மாறிலியை ‘சே’ என்றும், அளந்த விகிதத்தை ‘வி’ என்றும் கொள்வோம்.

வயது = இயல்மடக்கை [1 + வி × (தா − சே) ÷ தா] ÷ (தா − சே)

தேய்வு மாறிலி என்பது 0.6931ஐ அரைவாழ்வால் வகுத்து வருவது. அதன்படி தா 0.04847, சே 0.00160, வித்தியாசம் 0.04687. ஒரு துகளில் அமெரிசியமும் புளூட்டோனியம்-241உம் சமமாக இருந்தால், அதாவது வி 1 என்றால், அடைப்புக்குள் 1.967 வரும், அதன் இயல்மடக்கை 0.676, வயது ஏறத்தாழ 14.4 ஆண்டு. வி 2 என்றால் சுமார் 23 ஆண்டு. இந்த இரண்டையும் கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். கணினியில் எழுதும் நிரல் சரியா என்று சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை.

கருவியைத் தொடுமுன் அணுக்களை எண்ணுங்கள்

மாணவர்கள் பெரும்பாலும் தவிர்க்கும் படி இது. எனக்கு மிகவும் பிடித்த படியும் இதுதான். ஒரு மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள யுரேனியம் டைஆக்சைடு உருண்டையை எடுத்துக்கொள்வோம். அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 11 கிராம். எடை 5.7 பிக்கோகிராம் (ஒரு பிக்கோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு); அதில் யுரேனியம் 5 பிக்கோகிராம்; அணுக்களாக ஏறத்தாழ 13 பில்லியன். கேட்பதற்கு மலைப்பாக இருக்கும் இந்த எண், கணக்கு நகர நகரக் கரைந்துபோகும்.

அது இயற்கை யுரேனியம் என்றால், யுரேனியம்-234 அதில் 0.0054 விழுக்காடுதான், அதாவது சுமார் 700,000 அணுக்கள். முப்பது ஆண்டுகளில் அவற்றிலிருந்து பிறக்கும் தோரியம்-230 அணுக்கள் அறுபதைத் தொடாது. கருவி நூற்றில் ஒரு அணுவைத்தான் எண்ணும் என்று வைத்துக்கொண்டால், ஒரு எண்ணிக்கைகூடக் கிடைக்காமல் போகலாம். அந்தத் துகளை எத்தனை நாள் கருவியில் வைத்திருந்தாலும் வயது வராது. அது முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டிய செய்தி. அதே துகள் உயர் செறிவூட்டப்பட்ட யுரேனியமாக, அதாவது யுரேனியம்-235இன் பங்கு செயற்கையாக மிகவும் உயர்த்தப்பட்டதாக இருந்து, யுரேனியம்-234 ஒரு விழுக்காடு இருந்தால், முப்பது ஆண்டுகளில் சுமார் 11,000 தோரியம் அணுக்கள் பிறந்திருக்கும். நூற்றுக்கு ஒன்று என்ற திறனில் 110 எண்ணிக்கை. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அதன் ஏற்றத்தாழ்வு என்பதால், ஏறத்தாழ பத்து விழுக்காடு, அதாவது மூன்று ஆண்டு, முன்பின் ஆகலாம். இதைவிடச் சிறந்த விடையை அந்தத் துகளிடமிருந்து எவராலும் பெற முடியாது.

விட்டம் பத்து மடங்கானால் அணுக்கள் ஆயிரம் மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம். பத்து மைக்ரோமீட்டர் இயற்கை யுரேனியத் துகளில் முப்பது ஆண்டுகளுக்குப் பின் 58,000 தோரியம்-230 அணுக்கள் இருக்கும்; அது அளக்கத்தக்கது. மாதிரியில் பல துகள்கள் இருந்தால், செறிவூட்டல் மிகுந்ததையும் பருமனானதையும் வயதுக்கென ஒதுக்கிவைத்து, சிறியவற்றைக் கொண்டு ஐசோடோப் விகிதங்களை, அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களின் விகிதங்களை, மட்டும் அளப்பது விவேகம்.

எண்ணிக்கை பூஜ்யமாக வந்தாலும் அது வீண் அல்ல. மேலே சொன்ன உயர் செறிவூட்டப்பட்ட துகளில் ஆண்டுக்குச் சுமார் 3.6 எண்ணிக்கை எதிர்பார்க்கப்படுகிறது. ஒன்றுகூட வரவில்லை என்றால், உண்மையான சராசரி மூன்றுக்கு மேல் இருக்க வாய்ப்பு ஐந்து விழுக்காடுதான். ஆகவே அந்தப் பொருள் சுத்திகரிக்கப்பட்டுப் பத்து மாதத்துக்கு மேல் ஆகியிருக்காது என்று 95 விழுக்காட்டு உறுதியோடு எழுதலாம். புதிதாகச் சுத்திகரிக்கப்பட்ட பொருள் என்பதே சில வேளைகளில் ஆய்வாளர் தேடிய விடையாக இருக்கும்.

மாதிரி எடுத்தலும் தூசும்

முகமை பயன்படுத்தும் துடைப்புத் துணி பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள தூய பருத்தி. புதிய கையுறை, ஒவ்வொரு துடைப்புக்கும் தனி இரட்டைப் பை, எவர் கையிலிருந்து எவர் கைக்குப் போனது என்ற எழுத்துப் பதிவு ஆகியவை கட்டாயம். ஆய்வுக்கூடத்தில் அந்தத் துணியிலிருந்து துகள்களைக் காற்றுறிஞ்சி ஒன்றின் மூலம் ஈர்த்து, பளபளப்பான சிறு கரித்தட்டின் மேல் படியவைப்பார்கள். அதன்பின் மின்னணு நுண்ணோக்கியில் தேட வேண்டும். எதிரொளிக்கும் மின்னணுக்களைக் கொண்டு பார்த்தால், கனமான தனிமங்கள் வெளிச்சமாகத் தெரியும். சாம்பல் நிறப் பரப்பில் சிதறிக் கிடக்கும் உப்பு, நார், மணல் ஆகியவற்றின் நடுவே யுரேனியத் துகள் ஒற்றை வெண்புள்ளியாகக் கண்ணைப் பறிக்கும். அதன் ஆயத்தொலைவுகளைக் குறித்துக்கொண்டு, அருகே வேறு என்ன ஒட்டியிருக்கிறது என்பதைப் பெரிதாக்கிப் பார்க்காமல் அடுத்த துகளுக்குப் போகாதீர்கள்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், இயற்கைத் தூசுக்குள்ளேயே தோரியம்-230 இருக்கிறது. பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் எவராலும் சுத்திகரிக்கப்படாதது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அங்கே தாயும் சேயும் சமநிலையில் இருக்கின்றன. அந்தச் சமநிலையில் தோரியம்-230க்கும் யுரேனியம்-234க்கும் உள்ள அணு விகிதம் 0.31. நம் முப்பது வயதுத் துகளின் விகிதமோ 0.000085. மூவாயிரத்து அறுநூறு மடங்கு வித்தியாசம்.

இது எனக்கு ஏட்டறிவாக மட்டும் வந்ததில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் ஆய்வுக்கூடத்தில், உண்மையான மாதிரியோடு சேர்த்து வெற்று மாதிரி ஒன்றையும் தயாரித்தோம். அதாவது எதையும் துடைக்காத புதுத் துணியை, எல்லாப் படிகளிலும் மாதிரியைப் போலவே நடத்தினோம். முடிவைப் பார்த்தபோது வெற்றுத் துணியில் மாதிரியைவிட அதிகமாகத் தோரியம் இருந்தது. இரண்டு நாள் முழுக்கக் கருவியைத்தான் சந்தேகித்தோம். மூன்றாம் நாள் துப்புரவுப் பணியாளரான அக்கா ஒருவர், “போன வாரம் நடைபாதையில் தரை ஓடு அறுத்தார்களே, இங்கே மேசையெல்லாம் மாவு போலப் படிந்திருந்ததே” என்றார். தரை ஓட்டின் மெருகில் சர்க்கான் தாது கலக்கப்படுகிறது; சர்க்கானில் யுரேனியமும் தோரியமும் இருக்கின்றன. மில்லியனில் 300 பங்கு யுரேனியம் கொண்ட சர்க்கான் துணுக்கு ஒன்று, ஏழு மைக்ரோமீட்டர் அளவில் நம் உயர் செறிவூட்டப்பட்ட துகளோடு ஒட்டிக்கொண்டால் போதும். முப்பது வயது அறுபது வயதாகிவிடும். கதவைச் சாத்தாமல் விட்டவர்களில் நானும் ஒருவன். அந்தத் தொகுதி முழுவதையும் கைவிட்டோம்.

நம் ஊரில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். தீபகற்பத்தின் மையமலைத் தொடர் கருங்கல்லால் ஆனது. வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற அமாங் என்னும் கழிவு மணலில் மோனசைட்டும் சர்க்கானும் நிறைந்திருக்கின்றன. மோனசைட் தோரியம் மிகுந்த தாது. புகைமூட்டக் காலத்தில் காற்றில் மிதக்கும் நுண்தூசு ஜன்னல் இடுக்குகள் வழியே உள்ளே வந்துவிடும். ஆகவே தோரியம்-232ஐ எப்போதும் கூடவே அளந்துகொள்ளுங்கள். சுத்திகரிக்கப்பட்ட யுரேனியத்துக்குள் தோரியம்-232 பிறக்க வழியில்லை என்றே சொல்லலாம். அது தென்பட்டால் வெளித்தூசு வந்துவிட்டது, அல்லது சுத்திகரிப்பிலேயே தோரியம் எஞ்சிவிட்டது என்று பொருள். சராசரி மண்ணில் ஒரு மில்லியன் தோரியம்-232 அணுக்களுக்கு நான்கு அல்லது ஐந்து தோரியம்-230 அணுக்கள் என்ற கணக்கில் கழித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆனால் சர்க்கானில் யுரேனியத்தோடு ஒப்பிடும்போது தோரியம் குறைவு. அங்கே அதே எண்ணைக் கொண்டு கழித்தால் போதிய அளவு கழிக்காமல் விட்டவர்களாவோம். தோரியம்-232 மிகுந்து காணப்படும் துகளைத் திருத்தி எடுக்க முயல்வதைவிட, அதை வயதுக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதே மேல் என்பது என் கருத்து.

அளத்தல்

இரண்டு பாதைகள் உண்டு. முதல் பாதையில் துகளைக் கரைக்காமல், தட்டில் இருந்த இடத்திலேயே அயனிக் கற்றையால் தாக்கி, தெறிக்கும் அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணுகிறோம். இதற்கான பெரிய வடிவக் கருவி ஒன்றை அனைத்துலக அணுசக்தி முகமை 2011ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் சைபர்ஸ்டோர்ஃப் ஆய்வுக்கூடத்தில் நிறுவியது. துகள் முழுவதும் தேய்ந்து தீரும் வரை தாக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் எஞ்சிய பாதியில் உள்ள தோரியம் கணக்கில் வராது. தொடக்கத்தில் சில வினாடிகள் மேற்பரப்பை மட்டும் லேசாகச் சுரண்டி, ஒட்டிய அழுக்கு நீங்கிய பிறகு எண்ணத் தொடங்குவது நல்லது. நிறை 230இல் தோரியம் மட்டும் வரும் என்று நம்பிவிடக் கூடாது. ஈயம் மக்னீசியத்தோடு சேர்ந்த மூலக்கூறு அயனிகூட அங்கே வந்து நிற்கக்கூடும். கருவியின் பிரிதிறனைக் கூட்டினால்தான் அது விலகும்.

இந்தப் பாதையின் பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தோரியமும் யுரேனியமும் ஒரே எளிமையில் அயனியாவதில்லை. கருவி காட்டும் விகிதம் துகளில் உள்ள விகிதம் ஆகாது. இரண்டுக்கும் இடையே ஒரு திருத்தக் காரணி உண்டு. அந்தக் காரணியை, சுத்திகரிப்பு நாள் தெரிந்த ஒரு பொருளின் துகள்களை அதே நாளில், அதே கருவியில், அதே அமைப்பில் அளந்து பெற வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் ஐ.ஆர்.எம்.எம்.-1000 என்ற பொருள் 2012ஆம் ஆண்டு சுத்திகரிக்கப்பட்டு, அந்த நாளுக்கென்றே சான்றளிக்கப்பட்டது, அமெரிக்காவின் சி.ஆர்.எம். 125-ஏ 1994ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஓராண்டுக்கு முன் பெற்ற காரணியை இன்றைய அளவீட்டுக்குப் பயன்படுத்தும் சோம்பலை அனுமதிக்காதீர்கள். காரணியில் உள்ள ஐந்து விழுக்காட்டுப் பிழை வயதிலும் அப்படியே ஐந்து விழுக்காடாக வரும்.

இரண்டாம் பாதையில் துகளை நுண்ணூசியால் எடுத்து, அமிலத்தில் கரைத்து, தோரியத்தையும் யுரேனியத்தையும் வேதிமுறையில் பிரித்து, தனித்தனியே அளக்கிறோம். அளவு தெரிந்த தோரியம்-229ஐயும் யுரேனியம்-233ஐயும் முன்கூட்டியே சேர்த்துவிட்டால், பிரிக்கும்போது ஏற்படும் இழப்பு விடையைப் பாதிக்காது. இங்கே ஒரு நுட்பம் உண்டு: யுரேனியம்-233 சிதைந்தால் உருவாவது தோரியம்-229. இரண்டையும் ஒரே குப்பியில் கலந்து பல ஆண்டு வைத்திருந்தால், நீங்கள் சேர்த்ததாக நினைக்கும் தோரியம்-229இன் அளவு மெல்ல உயர்ந்துகொண்டே போகும். குப்பியின் மேல் நாளை எழுதி ஒட்டுங்கள்.

புளூட்டோனியத்தில் ஒரு மாற்றுவழி

அமெரிசியம்-241உம் புளூட்டோனியம்-241உம் நிறையில் ஏறத்தாழ ஒன்றே. அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் எந்தச் சாதாரண நிறைமாலைமானியாலும் (அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) பிரிக்க முடியாத அளவுக்குச் சிறியது. ஆகவே துகளைக் கரைத்து வேதிமுறையில் பிரிக்காமல் அத்தகைய கருவியில் இந்த ஜோடியை அளக்க இயலாது. பிரித்த நாளையும் நேரத்தையும் பதிவுசெய்வது கட்டாயம். தாய் வேகமாகச் சிதைவதால், சில மாதத் தாமதம்கூடக் கணக்கில் தெரியும்.

கரைக்காமல் அளக்க விரும்புவோருக்குப் புளூட்டோனியம்-240 கை கொடுக்கிறது. அதன் அரைவாழ்வு 6,561 ஆண்டு. அது சிதைந்து யுரேனியம்-236 ஆகிறது. ஒரு மைக்ரோமீட்டர் புளூட்டோனியம் டைஆக்சைடு துகளில், புளூட்டோனியம்-240 ஆறு விழுக்காடு இருந்தால், ஓர் ஆண்டிலேயே சுமார் 85,000 யுரேனியம்-236 அணுக்கள் பிறந்துவிடும். யுரேனியத் துகளில் பத்துப் பத்தாக எண்ணிய நமக்கு இது பெருஞ்செல்வம். யுரேனியம்-236இன் இன்னொரு சிறப்பு, அது இயற்கை மண்ணில் இல்லை என்று சொல்லும் அளவுக்கு அரிது; தூசு எவ்வளவு ஒட்டியிருந்தாலும் இந்தக் கடிகாரத்தை அது கலைக்காது. புளூட்டோனியம்-239இலிருந்து பிறக்கும் யுரேனியம்-235க்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்கும்போது, யுரேனியம்-235 காட்டும் வயது மட்டும் கூடுதலாக இருந்தால், யுரேனியம் வெளியிலிருந்து வந்து கலந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அணு உலைக்கான கலப்பு எரிபொருளில் முதலிலிருந்தே யுரேனியம் சேர்க்கப்பட்டிருக்கும். அங்கே இந்த யுரேனியக் கடிகாரங்களைக் கைவிட்டு அமெரிசியத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

ஹைட்ரைடைப் பற்றி ஒரு வார்த்தை. புளூட்டோனியம்-239 ஒரு ஹைட்ரஜனோடு ஒட்டினால் அதன் நிறை 240. ஆயிரத்தில் ஒன்று அப்படி ஒட்டினாலும், மேலே சொன்ன துகளில் புளூட்டோனியம்-240இன் எண்ணிக்கை ஒன்றரை விழுக்காடு மிகையாகத் தெரியும். தாய் மிகுந்து தெரிவதால் வயது அதே அளவு குறைந்து வரும். நம் ஊரின் ஈரக்காற்றில் தட்டைத் திறந்துவைத்தால் ஹைட்ரைடு கூடும். கருவிக்குள் வைக்குமுன் நன்கு உலர்த்துங்கள்.

மிகச் சிறிய துகளுக்கே உரிய ஒரு கசிவு

பெரிய கட்டியை அளப்பவர்கள் கவலைப்படத் தேவையில்லாத ஒன்று நம்மைப் பாதிக்கிறது. யுரேனியம்-234 ஆல்ஃபா துகளை உமிழும்போது, பிறக்கும் தோரியம் அணு துப்பாக்கியைப் போலப் பின்னுக்கு உதைபடுகிறது. அது இருபது நானோமீட்டர் நகர்கிறது என்று கொண்டால், ஒரு மைக்ரோமீட்டர் துகளின் ஓரத்தில் பிறந்தவற்றில் சில வெளியே பாய்ந்துவிடும். மொத்தத்தில் சுமார் மூன்று விழுக்காடு இழப்பு. துகள் 100 நானோமீட்டர் என்றால் அது முப்பது விழுக்காட்டை நெருங்கும். துகள் அந்த அளவுக்கு இளமையாகத் தோன்றும். பிரிந்து போன சேய் அருகில் உள்ள வேறு தூசில் போய்ப் பதியவும் கூடும். புளூட்டோனியம்-241 பீட்டா சிதைவு அடைவதால், அதாவது மிக லேசான மின்னணுவையே உமிழ்வதால், அமெரிசியத்துக்கு இந்த உதை இல்லை என்றே கொள்ளலாம். துகளின் அளவை நுண்ணோக்கியிலேயே அளந்து எழுதிவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

முடிவை எழுதுதல்

பிழை எந்தத் திசையில் சாயும் என்பதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும். சுத்திகரிப்பு முழுமையாக நடக்கவில்லை என்றால் வயது கூடுதலாக வரும்: பத்து ஆண்டுச் சேயில் பத்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தால், பொருள் சுத்திகரிக்கப்பட்ட அன்றே ஒரு வயதைச் சுமந்துகொண்டுதான் புறப்படும். உதைபட்டுப் போன இழப்பு வயதைக் குறைக்கும். தூசு கூட்டும். இந்த மூன்றையும் தனித்தனியே மதிப்பிட்டு எழுதுங்கள்.

பல துகள்களை அளந்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் வயதைக் கணக்கிட்டு அவற்றின் சராசரியை எடுக்காதீர்கள். நான்கு எண்ணிக்கை, இரண்டு எண்ணிக்கை, ஏழு எண்ணிக்கை என்று வரும் துகள்களில் அந்தச் சராசரி சாய்ந்துவிடும். எல்லாத் துகள்களின் தோரியம் எண்ணிக்கைகளையும் கூட்டி, எல்லாத் துகள்களின் யுரேனியம் எண்ணிக்கைகளையும் கூட்டி, கூட்டுத்தொகைகளைக் கொண்டு ஒரே முறை வயதைக் கணக்கிடுங்கள். ஆனால் அதற்கு முன், அவை எல்லாம் ஒரே பொருளிலிருந்து வந்தவையா என்று ஐசோடோப் விகிதங்களைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். யொங்பியோன் மாதிரிகளை எவராவது ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்திருந்தால், வெவ்வேறு நாட்கள் மறைந்து, எப்போதுமே நடந்திராத ஒரு நாள் மட்டும் எஞ்சியிருக்கும்.

மலேசியாவில் இந்தப் பொருட்கள் அனைத்தும் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்துக்கு உட்பட்டவை. உரிமம் பெற்ற இடத்துக்கு வெளியே ஒரு மைக்ரோகிராம் அளவைக்கூடக் கையாளக் கூடாது. பாங்கியில் 1982ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஆய்வு உலையைப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும் மாணவர்கள், அங்கே பின்பற்றப்படும் பதிவேட்டு ஒழுங்கைக் கவனித்து வாருங்கள். கையில் துகள் இல்லாமலேயே பயிற்சி செய்ய நிறைய இருக்கிறது. என் மாணவி ஒருவர் அமாங் மோனசைட்டின் மெருகேற்றிய மணிகளை மின்னணு நுண்ணாய்வியில் அளந்து, தோரியம், யுரேனியம், ஈயம் மூன்றையும் கொண்டு அவை சுமார் 200 மில்லியன் ஆண்டு பழைமையானவை என்று கண்டார். சிந்தனை முறை ஒன்றேதான். சேய் எங்கே பிறந்தது என்று அங்கேயும் கேட்டாக வேண்டும்.

அறிக்கையின் கடைசி வரியில் வயதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். வயது நாளுக்கு நாள் மாறும்; சுத்திகரிப்பு நாள் மாறாது. ‘இன்ன தேதியில் அளக்கப்பட்டது, தோரியம்-230, யுரேனியம்-234 ஜோடியின்படி, முழுமையான சுத்திகரிப்பு என்ற அனுமானத்தின் கீழ், கடைசிச் சுத்திகரிப்பு இன்ன ஆண்டு, முன்பின் இத்தனை ஆண்டு, 95 விழுக்காட்டு உறுதி, பயன்படுத்திய அரைவாழ்வுகள் இவை’ என்று எழுதி, வெற்று மாதிரியின் எண்ணிக்கையையும் துகள்வாரியான மூல எண்ணிக்கைகளையும் கீழே இணைத்துவிடுங்கள். நாளை எவராவது அரைவாழ்வை இன்னும் துல்லியமாக அளந்தால், உங்கள் எண்களைக் கொண்டே அவர் புதிய நாளைக் கணக்கிட்டுக்கொள்வார்.